தனகோடி கண்ட இரண்டாவது மேடு

கருங்குழி பஸ் நிறுத்தத்தில் தனகோடிக்கு மீன்காரம்மா என்று ஒரு பெயர் உண்டு. பாவம், அவள் தன் வாழ்நாளில் ஒரு நெத்திலியைக்கூட விற்றதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. அங்கே அவள் அன்றாடம் கையாளும் அமீன் என்ற திரவத்துக்கு அப்படியே மீன் சந்தை வாடை. எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. சாயங்காலம் செங்கல்பட்டில் ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி மதுராந்தகம் பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "கடப்பாக்கத்து மீனா? இன்னா வெல?" என்று கேட்பாள். முதல் வருடம் தனகோடி பொறுமையாக விளக்கம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய், "வஞ்சிரம், கிலோ நூத்தியிருவது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பத்தில் நாலாவது பெண். செங்கல்பட்டுக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, 1989-இல் இந்த வேலைக்கு வந்தாள். முதல் ஒன்பது வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினாள், அமிலம் கலந்தாள், கருவிகளுக்குத் துணி போட்டு மூடினாள். அதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. அவள் கழுவிய குடுவையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். துடைப்பது என்றால் தனகோடிக்கு அத்தனை இஷ்டம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சும் கையுமாகத்தான் எப்போதும் பார்க்கலாம்.

1998-இல் லக்ஷ்மிநாராயணன் வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், விஞ்ஞானி, தனகோடியைவிட ஏழெட்டு வயது இளையவன். வந்த முதல் வாரமே, "மேடம், எனக்குப் படிகம் வளர்க்கணும்" என்றான். அந்தப் படிகம்தான் தனகோடியை மீன்காரம்மா ஆக்கியது.

ஆரஞ்சு நிறத்தில், நகத்தளவு அகலத்தில், அப்பளத்தைவிட மெல்லிய தகடு. ஈயமும் அயோடினும் சேர்ந்த ஒரு தளம், அதன் மேல் இந்த மீன்வாடை அமீன் ஒரு தளம், மறுபடி ஈயம், மறுபடி அமீன் என்று கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான தளங்கள் அதற்குள் அடுக்கியிருக்கும். பெயர் அடுக்குப் பெரோவ்ஸ்கைட். சூடான அமிலத்தில் எல்லாவற்றையும் கரைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆறவிட்டால் தகடு தகடாக விளையும். அவசரப்பட்டால் தூளாகக் கொட்டும். அதற்கென்று வாங்கிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, கரண்ட் போகும்போதெல்லாம் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மூன்று மாதம் தூள்தான் கிடைத்தது. லக்ஷ்மிநாராயணன் சோர்ந்துபோனான்.

ஒரு திங்கட்கிழமை தனகோடி ஊர் ரைஸ் மில்லிலிருந்து ஒரு பை உமி கொண்டுவந்தாள். தெர்மகோல் பெட்டியில் உமியைக் கொட்டி, நடுவில் குடுவையைப் புதைத்து, மூடி போட்டு, யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினாள். நாலு நாள் கழித்துத் திறந்தபோது, அடியில் ஆரஞ்சு நிறத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. லக்ஷ்மிநாராயணன் ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்படி மேடம் தோணிச்சு?"

"எங்க அம்மா பழுக்க வெக்கிற மாம்பழம் இப்டித்தான் சார். அவசரப்பட்டா வெம்பிப் பூடும்" என்றாள் தனகோடி.

அந்தத் தகட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஏன் ஒளிர்கிறது என்பதுதான் லக்ஷ்மிநாராயணனின் ஆராய்ச்சி. அவன் சொன்னதில் பாதி ஆங்கிலம், மீதி சூத்திரம். தனகோடி அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டாள். வெளிச்சம் பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்புகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தைத் துளை என்கிறார்கள். பக்கத்து எலக்ட்ரான் வந்து அதில் உட்கார்ந்தால் காலி இடம் ஒரு சீட் தள்ளிப் போகும், ஆகவே துளையும் நடமாடும். எழும்பிய எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜோடியாகவே திரிந்தால், அந்த ஜோடிக்குப் பெயர் எக்ஸிட்டான். கடைசியில் எலக்ட்ரான் துளைக்குள் விழும். அப்போது வருவதுதான் அந்தப் பச்சை வெளிச்சம்.

இதை அவள் தன் மகள் தமிழ்ச்செல்விக்குச் சொன்ன விதத்தை லக்ஷ்மிநாராயணன் கேட்டிருந்தால் தன் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே சேர்த்திருப்பான். பத்தாவது படிக்கும் பெண் இட்லி தின்றுகொண்டே, மற்றப் பொருளில் இந்த ஜோடி இல்லையா என்று கேட்டாள்.

"கீது. ஆனா சிலிக்கான்னா நம்ம வூடு மாரி. புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல மாமியார், நாத்தனார், கொழுந்தன்னு அல்லாரும் பூந்துகினு கீறாங்க. இழுப்பு கொறஞ்சிப் பூடுது. ரூம்பு சூட்டுக்கே ஆளுக்கு ஒரு பக்கம் போயிடுவாங்க. இது உன் அத்த மவன் புதுசா வாங்கிகீறானே, கேளம்பாக்கம் ஃபிளாட்டு, அது மாரி. மேலயும் கீயயும் அமீன் சொவுரு. உள்ள ரெண்டே பேரு. நடுவுல பூர ஆளே இல்ல. கெட்டியாப் புடிச்சிகினு கீறாங்க."

"அப்ப பிரியவே மாட்டாங்களா?"

"பிரிவாங்க. சூடு பத்து மடங்கு வேணும். பிரிஞ்சாலும் அதே மாடியிலதான் சுத்தணும். மாடி பஸ்ல படிக்கட்ட எடுத்துட்டா எப்டி, முன்னாடி பின்னாடி போலாம், மேல கீய போவ முடியாது இல்ல? அந்த மாரி."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் பன்னீர்செல்வம், "எங்கம்மா காதுல உய்ந்துடப் போவுது, மெதுவா" என்றான். ஜி.எஸ்.டி. ரோட்டில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். மனைவியின் வேலை அவனுக்கு முழுதாகப் புரிந்ததில்லை. ஆனால் அதைப் பற்றி ஊரில் பேச அது ஒரு தடையாக இருந்ததும் இல்லை.

தனகோடிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆய்வகத்திலிருந்து வெளிவந்த பதினோரு கட்டுரைகளின் நகலை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தாள். பதினொன்றிலும் கடைசி வரியில், ஆய்வகப் பணியாளர்களின் உதவிக்கு நன்றி என்று ஒரு வாசகம் இருக்கும். அந்தப் பணியாளர்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்குத் தெரியும். படிக்கிற வேறு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பெயர் அச்சில் வரவேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

2002-ஆம் வருடம் ஆயுதபூஜைக்கு மூன்று வாரம் முன்னால் புதிய கிரையோஸ்டாட் வந்து இறங்கியது. படிகத்தை உள்ளே வைத்துக் குளிரவைக்கும் எஃகுக் குடம் அது. மேலே கழுத்து, அதன் வழியாகத் திரவ நைட்ரஜனை ஊற்றவேண்டும். வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக விளக்கு வெளிச்சம் உள்ளே போகும், படிகத்தின் வெளிச்சம் வெளியே வரும். குளிரில் அந்த ஜோடிகள் ஆடாமல் அசையாமல் இருக்கும், அளப்பது சுலபம்.

பூஜை தனகோடியின் பொறுப்பு. பதிமூன்று வருடமாக ஒவ்வொரு கருவிக்கும் அவள்தான் சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைப்பாள். கிரையோஸ்டாட்டின் முன்னால் வந்ததும் தயங்கினாள். எங்கே வைப்பது? அடித்தட்டில் வைக்கலாம் என்று குனிந்தவளை லக்ஷ்மிநாராயணன் தடுத்தான்.

"புது ஆள் மேடம். காலடியில வைக்காதீங்க. கழுத்துல நல்லா பெரிசா வைங்க."

அவளும் எட்டணா அகலத்துக்குத் தாராளமாக அப்பினாள். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு. எல்லாவற்றையும் துடைக்கும் தனகோடிகூட அதை மட்டும் விட்டுவிடுவாள்.

பூஜை முடிந்த வாரமே அளவெடுக்கத் தொடங்கினார்கள். கணினித் திரையில் படிகத்தின் வெளிச்சம் ஒரு கோடாக வரும். வழக்கமாக ஊசி மாதிரி ஒற்றை முகடு, பச்சை நிறத்துக்கு நேராக. நைட்ரஜனை ஊற்ற ஊற்ற அந்த முகடு இன்னும் கூர்மையானது. எதிர்பார்த்ததுதான். அரைமணி நேரம் கழித்து, பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரியைத் தாண்டியபோது, முகட்டுக்கு வலப்பக்கம் மெல்ல ஒரு மேடு எழுந்தது. அகலமாக, சாவகாசமாக, இளவெயில் காயவந்த எருமை மாதிரி. குளிரக் குளிர அது உயர்ந்தது.

லக்ஷ்மிநாராயணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஓடித் திரியும் ஜோடிகளில் சில, குளிரில் படிகத்தின் குறைபாடுகளில் மாட்டிக்கொண்டு, படகு மணலில் தட்டியது போல நின்றுவிடுகின்றன. கொஞ்சம் சக்தியை இழந்துவிட்டு அங்கிருந்தே ஒளிர்கின்றன. அந்த ஒளிதான் இந்த இரண்டாவது மேடு என்று அன்று மாலைக்குள் முடிவுக்கு வந்தான். இந்தப் படிகத்தில் இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றான்.

அவசரக்காரனும் இல்லை அவன். மறுநாள் காலையில் சாதாரண வெப்பத்தில் பார்த்தான், மேடு இல்லை. படிகம் இல்லாமல் வெறும் குடத்தைப் பார்த்தான், அதுவும் சாதாரண வெப்பத்தில்தான், ஒன்றும் இல்லை. படிகத்தை வைத்துக் குளிரவைத்தான், வந்தது. வேறு படிகம் மாற்றினான், வந்தது. ஐந்து வாரத்தில் பதினாலு தடவை செய்தார்கள். கடைசி இரண்டு மூன்று தடவை மேடு கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது. "படிகம் பழசாகுது மேடம், வேற ஒண்ணுமில்ல" என்றான். தன் படிகம் பழசாகிறது என்பதைத் தனகோடியால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 

கட்டுரை எழுதி முடித்த அன்று லக்ஷ்மிநாராயணன் அதை அவள் மேசையில் வைத்தான். தலைப்புக்குக் கீழே இரண்டே பெயர்கள். ஒன்று அவனுடையது. இன்னொன்று தனகோடி.

"சார், இன்னா சார் இது?"

"படிகம் உங்களோடது. குளிரவச்சது நீங்க. நான் சும்மா எழுதினவன்" என்று சொல்லிவிட்டு அவன் காபி குடிக்கப் போய்விட்டான். தனகோடி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள்.

புதன்கிழமை கட்டுரை மின்னஞ்சலில் ஓர் இயற்பியல் இதழுக்குப் போனது. வியாழக்கிழமைக்குள் கருங்குழி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவள் புறப்படும்போது பன்னீர்செல்வம் மதுராந்தகத்தில் சொல்லி வைத்திருந்த படச்சட்டம் வந்துவிட்டது. தேக்கு நிறம், ஓரத்தில் பொன்வரி. டி.வி.க்கும் காலண்டருக்கும் நடுவில் ஆணி அடித்து, உள்ளே ஒன்றும் இல்லாமலே மாட்டிவிட்டான்.

"காயிதம் வரட்டுமே, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"எடம் புடிச்சி வெக்கிறேன்மே. உங்கம்மா போட்டோவக் கொண்டாந்து மாட்டிட்டா?" என்றான் பன்னீர்செல்வம்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் தனகோடி மஞ்சள் பூசிக் குளிப்பாள். அந்த ஆய்வகத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. மஞ்சளுக்குப் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் குணம் உண்டு. விளக்கணைத்த அறையில் அவள் கையும் கழுத்தும் தாலிக்கயிறும் இளம்பச்சை கலந்த மஞ்சளாக மினுக்கும். "வெள்ளிக்கிழமை மேடமே ஒரு படிகம்" என்று லக்ஷ்மிநாராயணன் கிண்டல் செய்வான். அதனாலேயே வெள்ளியன்று அவள் கையுறை போடாமல் எதையும் தொடமாட்டாள். அது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

அன்றும் குளிரவைத்து அளவெடுத்து முடிந்திருந்தது. கடலோரக் காற்றின் ஈரம் அந்த ஜில்லிட்ட குடத்தில் முத்து முத்தாகப் பூத்து வழிந்துகொண்டிருக்கும். ஜன்னலில் மூட்டம் போடாமல் இருக்க, தனகோடி தலைமுடி உலர்த்தும் மின்விசிறியால் சூடான காற்றை அடித்துக்கொண்டே இருப்பாள். அளவெடுத்து முடிந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் ஜன்னலைத் துடைப்பாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. லக்ஷ்மிநாராயணன் சாப்பிடப் போயிருந்தான். இருட்டிலேயே துடைத்து, பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். புற ஊதா விளக்கை அணைக்கக் குனிந்தபோது அதன் வெளிச்சம் கூடைக்குள் விழுந்தது.

பஞ்சு ஒளிர்ந்தது. அவள் கையும் ஒளிர்ந்தது. இரண்டும் ஒரே நிறம்.

 கையைப் பஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அதே இளம்பச்சை கலந்த மஞ்சள். கையுறை போட்டுத்தானே துடைத்தேன், பிறகு மஞ்சள் எங்கிருந்து வந்தது? அறை விளக்கைப் போட்டாள். கிரையோஸ்டாட்டை அடியிலிருந்து மேல் வரை பார்த்தாள். கழுத்தில் இருந்த பூஜைப் பொட்டு பாதியாகியிருந்தது. மேல்பாதியும் குங்குமமும் அப்படியே இருக்க, கீழ்ப்பாதியைக் காணோம். அங்கிருந்து ஜன்னல் வரைக்கும், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மஞ்சளாக ஒரு தடம்.

எல்லாம் சட்டென்று புரிந்துவிட்டது. நைட்ரஜன் ஊற்றினால் கழுத்தில் பனி பூக்கிறது. பனி உருகிப் பொட்டைக் கரைத்துக்கொண்டு ஜன்னலில் வழிகிறது. சூடான காற்றை அடித்து அதை மெல்லிய படலமாகக் காயவைப்பது நான். அளவெடுத்து முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிடுவதும் நான். அதனால்தான் காலையில் மேடு இல்லை, குளிரவைத்தால் மேடு வருகிறது. பொட்டு கரையக் கரைய மேடும் குட்டையாகிறது. மணல் தட்டிய ஜோடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் படிகம் பழசாகவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை புதன்கிழமையே போய்விட்டது. இரண்டு பெயரோடு போய்விட்டது.

லக்ஷ்மிநாராயணன் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. தனகோடி அந்தப் பஞ்சை எடுத்து டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வெறும் சட்டம் சுவரிலிருந்து அவளைப் பார்த்தது. தமிழ்ச்செல்வி, பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மாமியாரே, வாழ்நாளில் முதல் தடவையாக, மருமகளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தனகோடி அந்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? பொட்டை மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிட்டால் ஆயிற்று. மேடு இனிமேல் வராது. வராவிட்டால் படிகத்தின் மேல் பழி போடலாம், அவன்தான் ஏற்கெனவே போட்டுவிட்டானே. பெயர் அச்சில் வந்துவிடும். பதினோரு கட்டுரையின் கடைசி வரிக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். இதை எல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்ப யோசித்தாள். அவள் ஒன்றும் தேவதை இல்லை.

சாயங்காலம் கணவனின் கடைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பன்னீர்செல்வம் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு முழுசும் கேட்டான்.

"சொல்லாத வுட்டா இன்னா ஆவும்?"

"எவனாவது ஜப்பான்காரன் படிச்சிட்டு, அதே மாரி செஞ்சி பாப்பான். அவனுக்கு வராது. திரும்பத் திரும்பச் செய்வான். அப்பவும் வராது. அவன் ஆயுதபூஜை போட மாட்டானே."

பன்னீர்செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. வண்டிக்கு ஒயர் வாங்க வந்தவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்து ஓய்ந்த பிறகு தனகோடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பால் வந்த கண்ணீர் மட்டும் இல்லை.

"அந்தச் சட்டத்த கயட்டிடு, தமிழு அப்பா. பாக்கச் சொல்லோ பேஜாரா கீது" என்றாள்.

"கீட்டும். அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை லக்ஷ்மிநாராயணன் உற்சாகமாக வந்தான். பெங்களூரில் பேச அழைத்திருக்கிறார்கள் என்றான். தனகோடி டிபன் டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்து அவன் மேசையில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். புற ஊதா விளக்கைப் போட்டாள்.

"சார், இது ஜன்னலத் தொடச்ச பஞ்சு. கழுத்துல கீற பொட்டப் பாருங்க, பாதிதான் கீது. அதான் சார் நம்ம ரெண்டாவது மேடு."

அவன் பஞ்சைப் பார்த்தான். குடத்தின் கழுத்தைப் பார்த்தான். மறுபடி பஞ்சைப் பார்த்தான். "மஞ்சளா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் உட்கார்ந்து, அரைமணி நேரம் பழைய அளவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுப் பார்த்தான். தனகோடிக்கு அந்த அரைமணி அரை வருடமாக நீண்டது.

"செஞ்சு பாத்துடலாம்" என்று கடைசியில் எழுந்தான்.

பொட்டைத் துடைக்கவேண்டும். பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் பூஜைப் பொட்டில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தாள். வைப்பதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குளிரவைத்தார்கள். ஊசி முகடு கூர்மையாக எழுந்தது. நூறு டிகிரி போனது, நூற்றைம்பது போனது. முகட்டுக்கு வலப்பக்கம் தரை மாதிரி சமமாகக் கிடந்தது. மத்தியானம், கேன்டீனிலிருந்து வாங்கிவந்த மஞ்சள்தூளைக் குழைத்துப் பழைய இடத்திலேயே அப்பிவிட்டு மறுபடி குளிரவைத்தார்கள். எருமை சாவகாசமாக எழுந்து வந்தது.

லக்ஷ்மிநாராயணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பதறி தனகோடி பக்கத்தில் போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கழுத்துல பெரிசா வைங்கன்னு சொன்னது யாரு மேடம்?"

"நீங்கதான் சார்."

"நீங்க கீழதான் வைக்கப் போனீங்க."

"ஆமா சார்."

"அப்ப சரி" என்றவன், கணினியின் முன் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நாலு வரி எழுதி அனுப்பினான். பெங்களூருக்கும் வரவில்லை என்று எழுதினான். அனுப்பிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து, "உங்க படிகத்தைப் போய்க் குறை சொன்னேன். அதுக்கு மன்னிச்சிடுங்க" என்றான். தனகோடிக்கு அன்று அது போதுமானதாக இருந்தது.

மேடு போன பிறகு மிஞ்சியது அந்த ஒற்றை ஊசி. அதைத்தான் அடுத்த எட்டு மாதம் அளந்தார்கள். தனகோடி செலோடேப் ஒட்டிப் படிகத்தை ஏடு ஏடாக உரித்தாள். அவளைப் போல உரிக்க அங்கே ஆள் கிடையாது. தளத்தின் வழியே மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது, தளத்துக்குத் தளம் எவ்வளவு தாவுகிறது என்று பார்த்தார்கள். வழியே ஓடியதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறுக்கே ஓடவில்லை. படிக்கட்டு இல்லாத மாடி பஸ் என்று தனகோடி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஜோடிகளும் சாதாரண அறைச் சூட்டில் பிரியாமல் கெட்டியாகத்தான் இருந்தன. புதிதாக உலகம் புரண்டுவிடும் செய்தி இல்லை. ஆனால் சுத்தமான அளவு, யார் செய்தாலும் வரும் அளவு.

புதிய கட்டுரையிலும் அதே இரண்டு பெயர்களைத்தான் போட்டான். அதோடு மூன்றாம் பக்கத்தில் ஒரு வாசகம் சேர்த்திருந்தான். குளிர்ந்த நிலையில் முதலில் தென்பட்ட ஓர் அகன்ற மேடு, பண்டிகை ஒன்றின்போது கருவியின் கழுத்தில் இடப்பட்ட மஞ்சள் ஜன்னலில் வழிந்ததால் வந்தது. இதைக் கண்டறிந்தவர் தனகோடி. இதழிலிருந்து, அந்த வரி தேவையில்லை, எடுத்துவிடலாமே என்று கேட்டு எழுதினார்கள். வரி போனால் கட்டுரையும் வேண்டாம் என்று லக்ஷ்மிநாராயணன் பதில் எழுதினான். இரண்டு கடிதத்தையும் அவன் தனகோடியிடம் காட்டவில்லை. ஆபீஸ் பிரின்டரில் கிடந்ததை அவள்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திருப்பி வைத்தாள்.

2003 செப்டம்பரில் இதழ் வந்தது. பன்னீர்செல்வம் வெறும் சட்டத்தைக் கழற்றித் தூசி தட்டி, முதல் பக்கத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனான். தலைப்புக்குக் கீழே பெயர் பளிச்சென்று இருந்தது. தனகோடி அதை வாங்கிக்கொண்டு மூன்றாம் பக்கத்தைக் கொடுத்தாள்.

"இது இன்னாமே, ஒரே பொடி எய்த்து. மொத பக்கத்துலதான பேரு பெரிசா கீது?"

"அது சார் குடுத்தது. இது நான் போய்ச் சொன்னது" என்றாள் தனகோடி.

ஆக, கருங்குழியில் இப்போது அவளுக்கு இரண்டு பெயர். பஸ்ஸில் மீன்காரம்மா. கடைத்தெருவில் மஞ்சளைக் கண்டுபிடித்தவள். இரண்டையும் அவள் திருத்துவதில்லை.

அந்த வருட ஆயுதபூஜைக்கு ஆய்வகத்தில் கிரையோஸ்டாட்டுக்குப் பொட்டு வைத்தது லக்ஷ்மிநாராயணன். தரையில் உட்கார்ந்து, குடம் நிற்கும் மேசையின் காலில் வைத்தான். வைத்துவிட்டு, சரிதானா என்று அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது பன்னீர்செல்வமும் பூஜையில் இருந்தான். கடைச் சாமான், ஸ்கூட்டர், டி.வி., தமிழ்ச்செல்வியின் புத்தகம் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன், சுவரிலிருந்த சட்டத்தின் முன்னால் நின்றான். கிண்ணத்திலிருந்து தாராளமாக மஞ்சளை எடுத்து, கண்ணாடியின் உச்சியில், அவள் பெயர் இருக்கும் வரிக்கு நேர் மேலே விரலைக் கொண்டுபோனான்.

தனகோடி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கீய வை, தமிழு அப்பா. வயிஞ்சிடும்."